நான்காம் அத்தியாயத்துப் பாஸ்புத்தகம்

என் ஆய்வேட்டின் பிரதி ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கிறது. பச்சை அட்டை, பொன்னிற எழுத்து. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அதைக் கையில் எடுத்தால் என் கண் அவர்கள் விரலிலேயே இருக்கும். நான்காம் அத்தியாயத்தைத் திறந்துவிடுவார்களோ என்று காப்பி டம்ளரோடு அங்கேயே நிற்பேன். இத்தனைக்கும் அதில் நாலைந்து பெட்டிகளும் கோடுகளும் ஓர் அட்டவணையும்தான். பெரும்பாலானவர்கள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கொட்டாவியோடு திருப்பி வைத்துவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியில் கணினித் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். வீடு தச்சநல்லூரில். அப்பா பள்ளி ஆசிரியர். மகன் என்ன ஆராய்கிறான் என்று தெருவில் கேட்டால் கம்ப்யூட்டர் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். விளக்கச் சொல்லியிருந்தால் நானும் திணறித்தான் இருப்பேன். ஒரு நிறுவனத்தின் விவரங்களைக் கணினியில் ஏற்றுவதற்கு முன்னால், அந்த நிறுவனத்தில் என்னென்ன இருக்கின்றன என்று முடிவுகட்ட வேண்டும். ஆள் இருக்கிறார், சரக்கு இருக்கிறது, கடை இருக்கிறது. எது எதோடு சேர்ந்தது, ஒன்றை இன்னொன்றிலிருந்து எப்படிப் பிரித்து அடையாளம் காண்பது, இவற்றையெல்லாம் பெட்டியும் கோடுமாக வரைவார்கள். கருத்துரு மாதிரி என்று அதற்குப் பெயர். உலகத்தில் இருப்பது எது என்ற தத்துவக்காரர்களின் பழைய கேள்வியைக் கணினிக்காரர்கள் ஆன்டாலஜி என்ற பெயரோடு அப்போதுதான் கையில் எடுத்திருந்தார்கள். வெளிநாட்டுக் கட்டுரைகளின் மங்கிய ஜெராக்ஸ்களை நான் கரைத்துக் குடித்திருந்தேன். உலகத்தில் இருப்பது எதுவென்று எனக்குத் தெரியும் என்ற திமிரும் கூடவே இருந்தது.

ஆராய ஒரு நிறுவனம் வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு அலையத் தேவையில்லை, பீடிக் கம்பெனி இருக்கிறது. இலையும் தூளும் கம்பெனி கொடுக்கும். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றிக் கொடுப்பார்கள். ஊருக்கு ஊர் ஒரு பீடிக்கடை, அங்கே இலை வாங்கவும் சுற்றியதை ஒப்படைக்கவும் ஒரு பாஸ்புத்தகம். அப்படி ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் போய் அனுமதி கேட்டேன். மேலாளர் தன்மையான மனிதர். எங்களுக்கும் கம்ப்யூட்டர் வரப்போகிறது, எழுதி முடித்ததும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

முதல் படத்தை எந்த ஊருக்கும் போகாமல் வீட்டு மேஜையிலேயே வரைந்துவிட்டேன். தொழிலாளி என்று ஒரு பெட்டி, பாஸ்புத்தகம் என்று ஒரு பெட்டி, நடுவில் ஒரு கோடு. ஒரு தொழிலாளிக்கு ஒரு பாஸ்புத்தகம், ஒரு பாஸ்புத்தகத்துக்கு ஒரு தொழிலாளி. அதைச் சரிபார்ப்பதற்காகத்தான், சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு ஊர்ப் பீடிக்கடைக்குப் போக ஆரம்பித்தேன். கடைக்காரர் பாஸ்புத்தகத்தைப் பிரித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பீடிக்கட்டுகளைக் கொடுப்பார். என் படத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று பட்டது.

அங்கே வருகிறவர்களில் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி, நான் கேட்பதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்வார். ஒரு நாள் மத்தியானம் அவர் வீட்டுக்கே போனேன். மடியில் இலையும் தூளும் வைத்த சுளவோடு உட்கார்ந்திருந்தார். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். நான் சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து என் படத்தைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"இதுல நான் எங்கன இருக்கேன்?"

தொழிலாளி என்ற பெட்டியைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது நான் இல்ல சார். அது எங்க அக்கா."

அவருடைய அக்காள் காய்ச்சலில் இறந்து ஒன்பது வருடமாகியிருந்தது. அந்தச் சமயத்தில் கம்பெனி புதிதாக யாருக்கும் பாஸ்புத்தகம் கொடுக்கவில்லை. அக்காள் புத்தகத்திலேயே சுற்று, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து கடையில் அக்காள் பெயரைக் கூப்பிட்டால் தங்கை போய் நிற்கிறார். ஊருக்கே தெரிந்த விஷயம். ஒருத்தி புத்தகத்தில் மகள் சுற்றுவதும் மதினி சுற்றுவதும் அங்கே எல்லா வீட்டிலும் உண்டு என்றார். தெரியாதது கம்பெனிக்கும் எனக்கும் மட்டும்தான். நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார்.

"வெளிய சொல்லிராதீங்க சார். அந்தப் புக்கு போச்சுன்னா எனக்கு வேற கெதி இல்ல."

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். சொன்னபோது நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

சைக்கிளில் திரும்பும்போது எனக்குக் கால் தரையில் இல்லை. என் மாதிரியை அந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் உடைத்துவிட்டார், அதைவிட நல்ல ஒன்றைக் கையிலும் கொடுத்துவிட்டார். பாஸ்புத்தகம் ஆளைக் குறிக்கவில்லை. அது கடையில் இருக்கும் ஓர் இடம். ஆள் போனாலும் இடம் இருக்கும், வேறொருவர் வந்து உட்காரலாம். ஆள் வேறு, ஆள் வகிக்கும் இடம் வேறு. இவை இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தால் கணினி பொய் சொல்லும். இதுதான் நான்காம் அத்தியாயம். இன்றைக்கும் அந்தக் கருத்தில் தவறில்லை. தவறு முழுக்க என்னிடம்தான்.

உண்மையான பதிவுகளிலிருந்து உதாரணம் இல்லாவிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று நெறியாளர் சொன்னார். கடைப் பேரேட்டிலிருந்து நாலு வரிசையை எடுத்து அட்டவணையாகப் போட்டேன். கொடுத்த வாக்கு மறக்கவில்லை. பெயர்களையெல்லாம் கவனமாக நீக்கிவிட்டு அ, ஆ, இ, ஈ என்று போட்டேன். ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டேன். மூன்றாவது வரிசைக்கு எதிரே, பதிவில் உள்ளவர் உயிருடன் இல்லை, சகோதரி பணிபுரிகிறார் என்று எழுதினேன். பாஸ்புத்தக எண் இருந்த பத்தியை அப்படியே விட்டுவிட்டேன்.

இதில் கேவலம் என்னவென்றால், அதே ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒன்பது பக்கத்துக்கு நான் ஒரே விஷயத்தைத்தான் வாதாடியிருந்தேன். பெயர் யாரையும் அடையாளம் காட்டாது, ஒரே பெயரில் ஒரே தெருவில் அஞ்சு பேர் இருப்பார்கள், எண் மட்டுமே அடையாளம். அதை எழுதிய கைதான் பெயரை அழித்துவிட்டு எண்ணை விட்டது. வேறு யாராவது செய்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

சொன்னபடி, பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிப்பதற்கு முன்பே மேலாளருக்கு ஒரு தட்டச்சுப் பிரதி கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பீடிக்கடைக்குப் போனபோது பேச்சு சட்டென்று நின்றது. பெண்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைக்காரர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினார்.

"நம்பரப் போட்டு எழுதிட்டீரே வே. ஆபீஸ்லேருந்து ஆள் வந்து புக்க வாங்கிட்டுப் போயிட்டாவ."

எந்த நம்பர் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே மேலாளரிடம் போனேன்.

அவர் என்னைத் திட்டவில்லை, விரட்டவுமில்லை. இது எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்று அவருக்கே அரைகுறையாகத் தெரியும் போலிருக்கிறது. எழுத்தில் வந்த பிறகு கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "விசாரிச்சதுல தப்பு நடந்துட்டு, அந்த வரிசை சரியில்லன்னு ஒரு கடுதாசி கொடுங்க தம்பி. நான் புக்கத் திருப்பிக் கொடுத்திருதேன். எனக்கும் மேல காட்ட ஒரு காயிதம் வேணும்லா."

ஒரே ஒரு கடிதம். அன்று சாயந்திரமே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். போட்ட பிறகுதான் கை நின்றது. அந்த வரிசை தவறென்றால் நான்காம் அத்தியாயம் நிற்காது. நான்காம் அத்தியாயம் இல்லையென்றால் ஆய்வேடு இல்லை. சமர்ப்பிக்க ஒரு மாதம்தான் பாக்கி. அதோடு, நடந்ததை நடக்கவில்லை என்று எழுதுவது பொய் அல்லவா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டவனுக்கு உண்மையின்மேல் திடீரென்று அத்தனை பற்று வந்துவிட்டது. கடிதத்தைக் கிழிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை.

ஒரே ஒரு முறை அந்தப் பெண்மணியைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டில், மதினி முறையான ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார். இப்போது அந்த மதினியின் புத்தகத்தில்தான் வேலை, அவள் இலை கொடுத்த அன்றைக்குத்தான் உண்டு. நான் எதிர்பார்த்துப் போன ஏச்சு வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்றிருந்தது. இப்போது தம்பி என்றுதான் பேசினார், சார் போய்விட்டது.

"ஒம்பது வருசமா தெனமும் எங்க அக்கா பேரக் கடையில கூப்பிடுவாவ தம்பி. அவ இல்லங்கிறதே எனக்குத் தோணாது. இப்பம்தான் செத்துப்போன மாதிரி இருக்கு."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க கடுதாசி குடுத்தா புக்கத் தந்துருவாவளாம். கடைக்காரரு சொன்னாவ. குடுத்துட்டியளா?"

குடுத்துட்டேன் என்றேன். அவர் முகம் தெளிந்தது. மதினியிடம் சொல்லி எனக்குக் காப்பி போடச் சொன்னார். நானும் குடித்துவிட்டு வந்தேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நான்காம் அத்தியாயத்தைத்தான் மெச்சினார். மூன்றாம் வரிசையில் விரலை வைத்து, இந்தத் தொழிலாளி பிறகு என்ன ஆனார் என்று கேட்டார். பதிவு திருத்தப்பட்டுவிட்டது ஐயா என்றேன். நல்லது என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அப்பா தெருவில் எல்லா வீட்டுக்கும் மிட்டாய் கொடுத்தார்.

சில மாதம் கழித்து வேலை கிடைத்து மெட்ராசுக்குக் கிளம்பிய அன்று, பஸ் நிலையத்தில் அந்தக் கடைக்காரரைப் பார்த்தேன். என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்கக்கூட உதவினார். பஸ் நகரும் நேரத்தில் ஜன்னல் பக்கம் வந்தார்.

"அந்தப் பிள்ள வாரந்தவறாம வந்து கேக்குது வே. கடுதாசி குடுத்துட்டாவளே, புக்கு வந்துட்டாண்ணு."

பெட்டிக்குள் ஆய்வேடு இருந்தது. கடிதம் அதில் நான்காம் அத்தியாயத்துக்குள் நாலாக மடித்து வைத்தபடி இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.