மஞ்சள் தண்ணீர் விழுந்த படப் புத்தகம்

பழைய புத்தகக் கடைக்காரரைப் பொறுத்தவரை எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். முதல் தடவை அவர் கடையில் நின்று குழந்தைகளுக்கான படப் புத்தகம் ஒன்றை நெடுநேரம் புரட்டிக்கொண்டிருந்தபோது, "புள்ள என்னண்ணே படிக்குது?" என்று கேட்டார். "ஒண்ணாப்பு" என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு ஆண்டும் அவளை அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிட வேண்டியதாயிற்று.

வில்லாபுரத்து வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்து, சலித்து, போதும் என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. படப் புத்தகங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாங்குகிறேன். அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. எனக்கு ஒரு கோடு நேராகப் போடத் தெரியாது. ஆனால் படம் பார்க்கப் பிடிக்கும், அதிலும் பழைய குழந்தைப் புத்தகங்களின் படங்களை.

ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அச்சில் ஏற்றிய காலத்துப் புத்தகங்கள் அவை. கிளியின் மூக்குச் சிவப்பு, வரைந்த கோட்டைத் தாண்டி மயிரிழை அளவு வெளியே வந்திருக்கும். அந்தப் பிசகினாலேயே கிளி இப்போதுதான் தலையைத் திருப்பியது போலத் தோன்றும். நீலமும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, யாரும் பூசாத ஒரு பச்சை வயலில் கிடக்கும். என்னிடம் இருந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு சிறுமி மழையில் தன் வாத்தைத் தேடிப் போகும் கதை. அந்த ஓவியர் மழைக்கு மையே செலவழிக்கவில்லை. ஊதா வானத்தில் சாய்ந்த கீற்றுகளாகக் காகிதத்தை அப்படியே வெள்ளையாக விட்டிருந்தார், அவ்வளவுதான். பக்கத்தைத் திறந்தால் நனைந்துவிடுவோம் போல இருக்கும். கடைசிப் பக்கம் வரை வாத்தைக் காட்டமாட்டார். ஆனால் ஒவ்வொரு குட்டையிலும் அது சற்றுமுன் கடந்துபோன சுழிப்பு இருக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டிய ஆண், மீசை வைத்தவன், வாத்துப் படம் பார்க்கிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? பீரோவின் கீழ்த்தட்டில் போர்வைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். மனைவிக்குத் தெரியும். அவளையும் நான் கூப்பிட்டுக் காட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பேன்.

என் அக்கா எழுமலையில் இருக்கிறாள். என்னைவிட ரொம்ப மூத்தவள், அம்மாவுக்கு அடுத்தபடி என்னைத் தூக்கி வளர்த்தவள். போன வருஷம் ஜவுளி எடுக்க மதுரைக்கு வந்தவள் எங்கள் வீட்டில் தங்கினாள். நான் அலுவலகம் போயிருந்த நேரத்தில் போர்வை எடுக்கப் பீரோவைத் திறந்திருக்கிறாள்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். புத்தகங்கள் எல்லாம் அவள் முன்னால் கிடந்தன. அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏந்தம்பி, இம்புட்டு ஏக்கத்தையும் உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டா திரியிற? ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வாயைத் திறந்தேன். அவள் என் தலையைத் தடவினாள். "பொறக்காத புள்ளைக்குப் பொஸ்தகம் வாங்கி அடுக்கி வச்சிருக்கியே, பாவி" என்று மறுபடியும் அழத் தொடங்கினாள். அந்த அழுகைக்கு நடுவில், இல்லை அக்கா, இது எனக்கு, படம் நன்றாக இருக்கும் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அடுக்களை வாசலில் நின்று என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் வந்ததும் கேட்டாள், "சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னாச் சிரிப்பாங்க."

"இப்ப அழுறாங்களே, அது பரவாயில்லையா?"

"காலையில சொல்லிர்றேன்."

காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அக்கா கிளம்பி வாசலில் நின்றாள். "போயிட்டு வாரேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அவசரமாகப் பையைத் தூக்கிக்கொண்டாள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது வாத்துப் புத்தகத்தைக் காணவில்லை. பீரோவையும் பரணையும் துழாவினேன். அக்கா எடுத்துப்போயிருப்பாள் என்று தோன்றியது. ஃபோன் பண்ணிக் கேட்கக் கூச்சம். எதற்கு என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

அடுத்த மாதம் அக்காவின் பேத்திக்குக் காதுகுத்து. எழுமலைக்கு வெளியே, மானாவாரிக் காடுகளுக்கு நடுவில் எங்கள் குலசாமி கோயில். நானும் மனைவியும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. மச்சான், அதாவது அக்காவின் கணவர், "வாங்க மாப்ள" என்று என்னை ஆண்கள் இருந்த வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டார். எல்லாரும் என்னிடம் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "கவலைப்படாதப்பா" என்றார். அக்கா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

காது குத்தி முடிந்தது. குழந்தையின் அழுகை அடங்கியதும் அக்கா என் மனைவியைக் கூப்பிட்டாள். நான் மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாமிக்கு முன்னால் மணையைப் போட்டு அவளை உட்காரவைத்தார்கள். பேத்தியைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்கள். சுற்றிப் பெண்கள் நெருங்கி நின்றார்கள். "நல்லாக் கும்பிட்டுக்க. அவன் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல" என்று அக்கா சொல்வது கேட்டது. "உனக்கும் ஏக்கம் இருந்தாத்தானே ஆத்தா எறங்கி வருவா" என்றாள் இன்னொருத்தி. என் மனைவி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

பிறகு அக்கா தன் பையிலிருந்து எதையோ எடுத்துக் குழந்தையின் மேல் வைத்தாள். நாலு மூலைக்கும் மஞ்சள் பூசி நடுவில் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தோடு. பூசாரி சொம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை வேப்பிலையில் தோய்த்து அவர்கள்மேல் அடித்தார். நான் எழுந்து ஓடினேன்.

"அக்கா, நனையுது! பொஸ்தகம் நனையுது!"

உருமி மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் புத்தகத்தைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்தேன். அட்டையிலிருந்த சிறுமியின் குடைமேல் மஞ்சள் வழிந்துகொண்டிருந்தது. உள்ளேயும் ஏறியிருந்தது. அதற்கப்புறம்தான் மனைவியைப் பார்த்தேன். நெற்றியிலிருந்து கழுத்து வரை மஞ்சள் தண்ணீர் வழிய, மடியில் யாரோ பெற்ற குழந்தையோடு, இத்தனை பேர் நடுவில் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் முதலில் பார்த்தது புத்தகத்தை.

"என்னடா ஆச்சு ஒனக்கு?" என்றாள் அக்கா.

இனி சொல்லாமல் இருக்க முடியாது. "அது புள்ளைக்காக வாங்கலக்கா. எனக்காக வாங்குனது. படம் பாக்குறதுக்கு."

"எந்தப் படம்?"

"இதுல இருக்குற படம். நல்லா வரைஞ்சிருப்பாங்க. எனக்குப் பிடிக்கும். அவ்வளவுதான். இவ மேல தப்பு ஒண்ணுமில்ல. நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்."

 பின்னாலிருந்து மச்சானின் குரல் வந்தது. "அட, பொம்மப் படம் பாக்கவா மாப்ள? தெரிஞ்சிருந்தா ஒங்களுக்கும் சேத்துக் காது குத்தியிருக்கலாமே." மரத்தடி முழுக்கச் சிரித்தது. பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நான் அழுதது? ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டது? எல்லாத்துக்கும் அர்த்தமில்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுப்புப் பக்கம் போய்விட்டாள். அந்தச் சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அவள் முதுகைப் பார்க்கத்தான் முடியவில்லை. என் மனைவி குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். முகத்தைத் துடைத்தபடி என்னிடம், "வெயில்ல வச்சுக் காய வைங்க. இல்லாட்டி ஒட்டிக்கிரும்" என்றாள்.

பந்தியில் தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன். பரிமாறியவர்கள் ஆளுக்கொரு கேலி சொன்னார்கள். திரும்பும்போது உசிலம்பட்டி தாண்டியதும் மனைவி ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"பொஸ்தகம் நனையுதுன்னு கத்துனீங்க. அதே தண்ணிதானே எம்மேலயும் விழுந்துச்சு?"

"தப்புதான்" என்றேன்.  டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றோம். அக்கா அவளை அங்கே உட்காரவைக்க ஒரு மாதமாக ஏற்பாடு செய்திருக்கிறாள். நான் அன்றைக்குச் சாயங்காலமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. நாலு பேர் சிரிப்பார்களே என்ற என் வெட்கத்தை நான் காப்பாற்றிக்கொண்டேன். அதற்குரிய அவமானம் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை மொட்டைமாடியில் காயப்போட்டேன். நடுப்பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது ஊதா வானம் கிழிந்தது. வெள்ளையாக விட்டிருந்த மழை மஞ்சளாகிவிட்டது. அதைப் பார்த்ததும் முதலில் கோபம்தான் வந்தது, அக்காமேல். இன்னுமா என்று என்னையே அருவருப்பாகப் பார்த்துக்கொண்டேன்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்படி என்னதான் இருக்கு இதுல? காட்டுங்க."

காட்டினேன். நிறம் நகர்ந்த இடங்களை, குட்டையில் தெரியும் சுழிப்பை, சிறுமியின் முகத்தையே காட்டாமல் முதுகை வைத்தே அவள் பயத்தைக் காட்டியிருந்ததை. சொல்லும்போது வார்த்தை தடுமாறியது. அவள் பொறுமையாகக் கேட்டாள். பல பக்கங்கள் அவளை ஒன்றும் செய்யவில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் விரலை வைத்து நிறுத்தினாள். சிறுமி ஒரு பூட்டிய வீட்டின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்கும் படம். "இது நல்லாருக்கு" என்றாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா பல மாதங்கள் என்னோடு பேசவில்லை. என் மனைவிதான் ஃபோன் செய்து, "மதினி, கோவப்படாதீங்க. அவருக்கு அப்படி ஒரு பிடித்தம்" என்று சொல்லியிருக்கிறாள். தைப் பொங்கலுக்குப் போனோம். அக்கா சோறு போட்டாள். என்னிடம் முகம் கொடுக்காமல் என் மனைவியிடம்தான் பேசினாள். கிளம்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வச்சுக்காதத்தா" என்றாள். என்னைப் பார்த்து, "போறது பாத்துப் போ" என்று மட்டும் சொன்னாள். அதுவே பெரிது.

புத்தகங்கள் இப்போது கூடத்து அலமாரியில் இருக்கின்றன. என் மனைவி எடுத்து வைத்தாள். வருகிறவர்கள் பார்த்துவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பரிதாபமாகப் பார்ப்பார்கள். "எனக்குத்தான், படம் பாக்க வாங்குறேன்" என்று அவர்கள் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். காது சூடாகிறது. ஆனாலும் அவள் காப்பியோடு அடுக்களையிலிருந்து வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.