பச்சோந்திக்கு ஒரு வாளி மணல்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரி வேலை. பகலெல்லாம் நீராவியில் வெந்து வீட்டுக்கு வந்தால், அதைவிடச் சூடாக நாத்தனார் காத்திருப்பாள். வாய்க்கு வாய் கொடுக்கத் தெரியாதவள் என்பதால் நாத்தனார் அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். புருஷன் இருந்தவரை அந்தப் பெயர் முதுகுக்குப் பின்னால்தான் புழங்கியது. அவன் மாரடைப்பில் போனதும் முகத்துக்கு நேராகவே வந்தது.

வீடு நாத்தனாருக்கும் அவள் தம்பியான புருஷனுக்கும் பொது. ஆனாலும் தம்பியின் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் நாத்தனார். இவளுக்கு மிஞ்சியது கூடத்து மூலையும், அவன் ஆசையாக வளர்த்த பெண் பச்சோந்தியின் வலைக்கூண்டும்தான்.

அந்தப் பச்சோந்திக்கும் யாரையும் பிடிக்காது. கை நீட்டினால் உடம்பைத் தட்டையாக்கி, பெரிசாகக் காட்டி, வாயைப் பிளந்து சீறும். ஒரு கண் அவளைப் பார்க்கும்போதே இன்னொரு கண் தனியாகச் சுழன்று நாத்தனாரை வேவு பார்க்கும். அந்த முசுட்டுத்தனம் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் அது வெட்டுக்கிளியைத் தொடவில்லை. பச்சை உடம்பு கறுத்து, மஞ்சளும் நீலமுமாகப் புள்ளி எழும்பியது. கிளையை விட்டு இறங்காத பிராணி, கூண்டின் தரையைப் பிறாண்டியது.

“சீக்குடி அது. தூக்கிக் குப்பையில போடு” என்றாள் நாத்தனார்.

அவள் கால்நடை டாக்டரிடம் தூக்கிப்போனாள். அவர் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

“முட்டைம்மா. ஆண் சேராமலே இது முட்டை வைக்கும், பொரிக்காது, அவ்வளவுதான். தோண்டுறதுக்கு ஆழமா ஈர மணல் வேணும். யாராவது பாத்தா பாதியிலயே விட்டுடும். முட்டை உள்ளயே தங்கிட்டா உசுரு போயிடும்.”

கட்டடம் கட்டும் இடத்தில் கேட்டு ஒரு வாளி மணல் வாங்கிவந்தாள். நனைத்து, கூண்டுக்குள் வைத்து, சுற்றிலும் போர்வையால் மறைத்தாள். பச்சோந்தி முன்னங்காலால் தோண்டத் தொடங்கியதுமே நாத்தனார் போர்வையைத் தூக்கினாள். அது குழியை விட்டு வெளியே வந்து கன்னங்கரேலென்று சீறியது. மறுநாள் அவள் வேலைக்குப் போய்த் திரும்பினால் வாளி காலி. மணல் சாக்கடையில் கிடந்தது.

“ஏன் அண்ணி கொட்டுனீங்க?”

“ஆம்பளை இல்லாம முட்டை வருமாடி? வளக்குறவ யோக்கியதை எப்படியோ!”

அவள் நேரே போய்ச் சுத்தியலை எடுத்துவந்து, புருஷனின் அறைப் பூட்டின்மேல் ஓங்கிப் போட்டாள். மூன்றாவது அடியில் பூட்டு வாயைப் பிளந்தது.

“அடிப்பாவி! போலீஸைக் கூப்பிடுவேன்!”

“கூப்பிடுங்க. ஆனா கதவுல கை வச்சீங்க, சுத்தியல் பூட்டோட நிக்காது.”

அத்தனை வருஷத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். நாத்தனார் இரண்டடி பின்வாங்கினாள்.

அவள் மறுபடியும் மணல் வாங்கிவந்து நனைத்து, பச்சோந்தியைக் கூண்டோடு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். அன்று ராத்திரியும், மறுநாள் லீவு போட்டும் அறை வாசலிலேயே குந்தியிருந்தாள், சுத்தியல் மடியில். நாத்தனார் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து அவளுடைய பரம்பரையையே திட்டித் தீர்த்தாள். உள்ளே பிறாண்டும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. எட்டிப் பார்க்க அவளுக்கும் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

சத்தம் அடங்கி வெகுநேரம் கழித்துத் திறந்தாள். பச்சோந்தி ஒட்டிய வயிறோடு, மூக்கெல்லாம் மண்ணாக, கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. குழியை மூடி மணலைத் தட்டிச் சமன்கூடச் செய்திருந்தது. கிண்ணத்துத் தண்ணீரை அது சீண்டாது. இலைமேல் அவள் தெளித்ததும் சொட்டுச்சொட்டாக நக்கிக் குடித்தது. கறுப்பு மெல்ல வெளுத்துப் பச்சை தெரிந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. புதைந்திருந்த முட்டைகளைக் கரண்டியால் தோண்டி எடுத்து எறிந்தாள்.

நாத்தனார் சும்மா இருப்பாளா? சொந்தபந்தத்தைக் கூட்டிவிட்டாள். புருஷனின் சித்தப்பா கேட்டார்: “ஒரு பச்சோந்திக்காகவாம்மா பூட்டை உடைச்சே?”

“அதுக்காகத்தான் மாமா உடைச்சேன். ஆனா இனிமே இந்த ரூம் என்னோடது. என் புருஷன் பங்கு.”

“நியாயம்தான்” என்று சித்தப்பா துண்டை உதறி எழுந்தார். நாத்தனார் அன்றே அடுப்பைத் தனியாகப் பிரித்தாள். ஜென்மத்துக்கும் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். இவளோ கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி, அந்த அறைக்குத் தன் கையாலேயே மாட்டினாள்.