பத்து மீற்றருக்குள் மாரி-2

வயர் இருந்தால் சனம் நம்பும். வயர் இல்லாமல் ஒரு சாமான் வேலை செய்தால் அதை வைத்திருக்கிறவன் கள்ளன், இதுதான் எங்கள் தொழில். போன் திருத்தி, போட்டோக் கொப்பி அடித்து, கொம்பியூட்டருக்கு முன்னால் கிடந்து காய்ந்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்கள் கேளுங்கள்.

யுத்த காலம். சுனாமி வந்துபோய் இரண்டு வருடம் இருக்கும். திருகோணமலையில் துறைமுகப் பக்கமாக எனக்கு ஒரு சின்னக் கடை. நான், டைப் அடிக்கிற தேவகி, இரண்டு கொம்பியூட்டர், இருமிக்கொண்டு ஓடுகிற ஒரு கொப்பி மிசின். போனில் கிடக்கிற படத்தையும் பெயர்களையும் கொம்பியூட்டருக்கு எடுத்துத் தரச்சொல்லி ஆட்கள் வருவார்கள். ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு வயர். வேண்டிய வயர் ஒருநாளும் இராது. ஆகவே கொழும்புக்குப் போய் ஒரு புளூடூத் டொங்கிள் வாங்கினேன். பெருவிரல் அளவு. கொம்பியூட்டரில் செருகினால் நீல லைற் மினுங்கும். பக்கத்தில் இருக்கிற போனோடு வயர் இல்லாமல் கதைக்கும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

ஒன்றும் இல்லாத சாமான்

வரும் வழியிலேயே தொடங்கிவிட்டது. சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிற்பாட்டி எல்லோரையும் இறக்கினார்கள். பையைக் கொட்டச் சொன்னார்கள். சாரம், சவர்க்காரம், நடுவில் டொங்கிள். சோதித்தவன் அதை இரண்டு விரலால் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். பிறகு உள்ளே கொண்டுபோய்த் தங்களுடைய கொம்பியூட்டரில் செருகினார்கள். பென் டிரைவ் என்று நினைத்திருக்க வேண்டும். உள்ளே ஒரு படம் இல்லை, ஒரு கடிதம் இல்லை. அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

பஸ் முழுக்க எனக்காகக் காத்துக் கிடந்தது. டிரைவர் ஹோர்ன் அடித்தான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "இதுக்குள்ள ஒன்றும் இல்லை மாத்தையா, ஒன்றும் இருக்காது" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சோதித்தவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஒன்றும் இல்லாத சாமானை ஏன் கொழும்பில இருந்து கொண்டு வாறாய்?"

முதலாளியின் வயிற்றுக்குள்ளால்

முதல் வாடிக்கைக்காரர் மூதூர் ஹனீபா நானா. அரிசி வியாபாரம். மச்சான் டோஹாவில் இருந்து ஒரு கைக்கொம்பியூட்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தான். குச்சியால் எழுதுகிற வகை. ஊரில் உள்ள நெல்லுக்காரர் எல்லோருடைய பெயரும் நம்பரும் அதற்குள்தான். அதன் வயரை எலி தின்றுவிட்டது. உள்ளதை ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று கடலால் லோஞ்சு ஏறி வந்திருந்தார்.

வந்தவர் முதலில் தேவகியை வெளியே போகச் சொன்னார். பிறகு என் கை இரண்டையும் மேசைக்கு மேலே வைக்கச் சொன்னார். வயர் இல்லாமல் போகுமென்றதை அவர் நம்பவில்லை. "எங்க, நான் நடுவில நிக்கிறன், போகுதா பாப்பம்" என்று கைக்கொம்பியூட்டரை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு டொங்கிளுக்கு நேரே வயிற்றைக் காட்டி நின்றார். நல்ல வயிறு. நான் பட்டனை அழுத்தினேன். நெல்லுக்காரர் எல்லோரும் வரிசையாகத் திரையில் வந்து விழுந்தார்கள். திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இதெல்லாம் எனக்குள்ளாலயா வந்தது?"

"ஓம் நானா. பாதியாவது வந்திருக்கும்."

கதிரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அது நோன்பு மாதம் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வயிற்றை ஒருமுறை தடவிவிட்டுக் கேட்டார்: "மாஸ்டர், இத்தனை பேர் உள்ளுக்குப் போய் வந்தா என்ட நோன்பு முறியுமா, முறியாதா?"

இரண்டு என்றால் ஒன்று எங்கே

ஹனீபா நானா அதோடு விடவில்லை. இறங்குதுறையில் நின்று போகிற வருகிறவருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்: அந்தக் கடைக்காரனிடம் ஒரு நீல லைற் இருக்கிறது, மனிசனை ஊடுருவிக்கொண்டு போய் போனில் உள்ளதை எல்லாம் எடுக்கும். கதை சும்மா நிற்குமா? ஒரு கிழமையில், எடுத்ததை நான் நேவிக் காம்புக்குக் கொடுக்கிறேன் என்று முடிந்தது. இன்னொரு பக்கத்தில், காம்பில் எடுத்து எதிர்ப்பக்கத்துக்குக் கொடுக்கிறேன் என்று முடிந்தது. ஆட்கள் கடையைக் கடக்கும்போது போனைப் பொக்கற்றுக்குள் பொத்திக்கொண்டு போனார்கள்.

அந்தக் கிழமைதான் மாரி வந்தது. டொங்கிளிடம் "தேடு" என்று சொன்னால், பக்கத்தில் புளூடூத் திறந்து கிடக்கிற போன்களின் பெயர் எல்லாம் திரையில் வரும். தேவகியின் போன் வரும், என்னுடையது வரும். ஒருநாள் காலை பத்து மணிக்கு மூன்றாவதாக ஒன்று வந்தது. இங்கிலிஷ் எழுத்தில் மாரி-2. கடைக்குள் எங்கள் இரண்டு பேரையும் விட்டால் ஒருவரும் இல்லை. அரை மணித்தியாலம் நின்றது, போய்விட்டது. அடுத்த நாளும் பத்து மணி. அதற்கு அடுத்த நாளும்.

உங்களுக்கு இது பகிடியாக இருக்கும். எங்களுக்கு இல்லை. அடுத்த தெருவில் போன் திருத்துகிறவரைப் போன மாதம்தான் விசாரணை என்று கூட்டிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள் கழித்து வந்தார். கடையைத் திறக்கவே இல்லை. அவர் கடைக்கு முன்னாலும் முதலில் சில நாள் யாரோ வந்து நின்றதாகச் சொன்னார்கள். இப்போது என் முறை என்று நினைத்தேன். ஊரைவிட்டுப் போவதா, கடையை மட்டும் பூட்டுவதா என்று யோசித்தேன். மாரி என்பது ஒரு ரகசியக் குறிப்புப் பெயர். அதில் இரண்டு என்றால் ஒன்று வேறெங்கோ நின்று பார்க்கிறது. அது எங்கே?

பத்து மணிக்குத் தேவகி பிளேன்டீ வாங்கப் போகிறவள். அவள் போய்வருகிற நேரத்தில்தான் அது வருகிறது என்று என் மண்டையில் ஏறியது. ரகசியமாய் இன்னொரு போன் வைத்திருக்கிறாயா என்று நேராகவே கேட்டுவிட்டேன். கோபிக்கவில்லை அவள். கப்பை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஐயா, என்ர ஒரு போனுக்கே எடுக்க ஆளில்லை."

அளவு நாடா

டொங்கிள் வந்த பெட்டியில் பத்து மீற்றர் தூரம் எட்டும் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் மாரி பத்து மீற்றருக்குள் நிற்கவேண்டும். இருபது மீற்றர் அளவு நாடா ஒன்றை எடுத்து, நுனியைக் கடைக் கதவில் கட்டிவிட்டு றோட்டில் இறங்கினேன். ஒரு பக்கம் பத்து மீற்றர் தேத்தண்ணிக் கடை அடுப்பில் முடிந்தது. இன்னொரு பக்கம் பஸ் தரிப்பு. மூன்றாவது பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். ஒன்பது மீற்றர் சொச்சத்தில் ஒரு சப்பாத்து இடித்தது. நிமிர்ந்தால் மண்மூட்டை. காவல் சென்றியில் நிற்கிற நேவிக்காரன்.

யோசித்துப் பாருங்கள். யுத்த காலத்தில் ஒரு கிழவன் பட்டப்பகலில் சென்றிக்குத் தூரம் அளக்கிறான். "உனக்கும் எனக்கும் இடையில எவ்வளவு என்று தெரிந்து என்ன செய்யப் போகிறாய்?" என்றான். புளூடூத் என்றேன். நாடாவைப் பறித்தான். வெயிலில் இரண்டு மணித்தியாலம் குந்த வைத்தான். பிறகு, கடையைக் காட்டு என்று துவக்கோடு வந்தான். தேவகி எழும்பி நின்றாள். நான் "தேடு" அழுத்தினேன்: பார் மாத்தையா, போனின் பெயர் வரும், வேறு ஒன்றும் இல்லை.

வந்தது. தேவகி, நான், அதற்குக் கீழே நிஷாந்த. அவன் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "என் பெயர் உனக்கு யார் சொன்னது?" துவக்குக் குழல் நிமிர்ந்தது. தேவகிக்குத்தான் மூளை வேலை செய்தது; அவனுடைய காற்சட்டைப் பொக்கற்றைக் கையால் காட்டினாள். டியூட்டியில் நிற்கிறவர்கள் போன் வைத்திருக்க ஏலாது. அவன் வைத்திருந்தான். எப்படி மறைக்கிறது என்று சொல்லிக் கொடுத்தேன். பெயர் திரையில் இருந்து மறைந்தது. நாடாவைத் திருப்பித் தந்தான், வாசல்வரை போனான், திரும்பி வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "நீ அளந்ததை நான் எங்கட பெரியவருக்குச் சொல்லயில்லை, நீயும் இதைச் சொல்லாதே."

பத்து மணிச் சத்தம்

அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த நேவிக்காரன் காலையில் கடைக்கு வந்துவிட்டான். சென்றி முறை மாறிய பிறகு, போனில் கிடந்த பிள்ளையின் படங்களை எடுத்துத் தரச்சொல்லிக் கதிரையில் இருந்தான். அந்த இரண்டு நாளும் மாரி வரவில்லை. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. நேவியைக் கண்டால் வராத ஆள் என்றால் எப்படிப்பட்ட ஆள்? மூன்றாம் நாள் அவன் வரவில்லை. பத்து மணி. மாரி-2.

பொறுமை போய்விட்டது. எவனாக இருந்தாலும் முகத்தைக் காட்டட்டும் என்று, பெயருக்கு மேல் அழுத்தி "இணை" என்று கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் அந்தப் போனில் சத்தம் வரும். தேவகி வாசலில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். பஸ் தரிப்புப் பக்கமிருந்து ஒரு சின்ன மணிச் சத்தம். அங்கே நின்ற ஒரு மனுசியின் கையிலிருந்து கருவாட்டுக் கூடை விழுந்தது. சட்டைக்குள் இருந்து போனை இழுத்து எடுத்தாள். கருவாட்டை மிதித்துக்கொண்டு றோட்டைக் குறுக்கறுத்து நேரே எங்களிடம் ஓடி வந்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாது. போனைத் தேவகியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பிள்ளை, அவரோ? அவரோ எடுக்கிறார்?"

சிரிக்காத படம்

தேவகி அவளை இருத்தித் தண்ணி கொடுத்தாள். பெயர் தவமணி. ஊர் சல்லி. புருசன் மூன்று மாதத்துக்கு முதல் கடலுக்கு இறங்கப் போனவர். கரையில் வைத்து யாரோ கூட்டிக்கொண்டு போனார்களாம். யார் என்று ஒருவருக்கும் தெரியாது. கடலுக்குப் போனைக் கொண்டுபோகாதவர். அது வீட்டில் கிடந்தது. அவர் எடுத்தால் என்று அவள் ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட்டு, திறந்தபடியே நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தாள். முறைப்பாடு எழுதுகிற இடத்தில், படம் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று திருப்பி விட்டார்கள். வீட்டில் இருந்த படங்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. அடையாள அட்டை அவரோடு போய்விட்டது. அவருடைய முகம் மிச்சம் இருந்தது அந்தப் போனில் மட்டும்தான்.

"அப்ப ஏன் உள்ள வரேல்லை?" என்று கத்தினேன். என் குரல் அப்படித்தான்.

"பயம் ஐயா. நீங்கள் போனில உள்ளதை இழுத்துக் காம்புக்குக் குடுக்கிற ஆள் எண்டு கதை. கருவாடு விக்கிற சாட்டில ஒவ்வொரு நாளும் வந்து பாத்துக்கொண்டு நிண்டனான். பிறகு பாத்தா நேவிக்காரன் உங்கட கதிரையில இருக்கிறான்."

கொம்பியூட்டர் பக்கம் திரும்பி மறுபடி "இணை" அழுத்தினேன். போனில் இணைப்புக்கு நம்பர் கேட்டது. அவள் கொடுக்கத் தயங்கினாள். தேவகி அவளுடைய விரலைப் பிடித்து நாலு பூச்சியம் அடிப்பித்தாள். படங்கள் வந்தன. வலை. கோயில் வாசல். கரையில் ஏற்றிவைத்த ஒரு வள்ளம். அதன் பக்கவாட்டில் மாரி-2 என்று எழுதியிருந்தது. போனுக்கு வள்ளத்தின் பெயரை வைத்திருக்கிறார். விட முடியாமல் கேட்டேன், இரண்டு என்றால் ஒன்று எங்கே என்று. "ஒண்டு சுனாமியோட போயிட்டுது" என்றாள்.

அவருடைய படம் இரண்டு இருந்தது. ஒன்றில் வள்ளத்தில் சாய்ந்து வாய் நிறையச் சிரிக்கிறார். முகம் நல்ல தெளிவு. மற்றதில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார், கொஞ்சம் மங்கல். முதலாவதைப் பெரிதாக்கப் போனேன். அவள் என் கையைத் தடுத்தாள். "சிரிக்கிறது வேண்டாம் ஐயா. சிரிக்கிற ஆளைக் காணேல்லை எண்டா ஆர் நம்புவினம்?"

மங்கலானதை ஆறு பிரதி அடித்துக் கொடுத்தேன். சிரிக்கிறதை ஒன்று அடித்துத் தேவகி அவளுடைய கூடைக்குள் வைத்தாள். முறைப்பாட்டை எடுத்தார்கள். அதற்கு மேல் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அன்றைக்கு அவள் வெளிக்கிடும்போது, போனில் புளூடூத்தை நிற்பாட்டிவிடு, இல்லாவிட்டால் என்னைப்போல கண்டவனெல்லாம் பெயரைப் பார்ப்பான் என்று சொல்லிக் கையை நீட்டினேன். போனைத் திரும்பவும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டாள். "நிப்பாட்டாதேங்கோ. அவர் வைச்ச மாதிரியே கிடக்கட்டும்."

அந்த வருடங்களில் இந்த ஊரில் யார் கேட்டாலும் பயப்படாமல் தன் பெயரைச் சொன்னது அந்த ஒரு போன்தான், அதைத்தான் நான் உளவு என்று நாடா பிடித்து அளந்தேன்.