அக்கா கிணற்றின் நிறம்

ஆவாரஞ்செடியைப் பார்த்தாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கல்லூரிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சேலம் தாண்டியதிலிருந்து ரோட்டோரமெல்லாம் அதுதான், மஞ்சளாகப் பூத்துத் தொலைக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். செடி என்ன பாவம் செய்தது என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் நான்.

தனியார் கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். குடியிருப்பது சேலம் சூரமங்கலத்தில் வாடகை வீடு. என் அக்கா சங்ககிரிக்கு அந்தப் பக்கம், ஓடையை ஒட்டிய தோட்டத்தில் தென்னையும் மரவள்ளியும் வைத்து இரண்டு எருமைகளோடு தனியாக இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் இறந்து வெகுகாலம் ஆகிறது. ஓடைக்கு மேலே ஒரு சாயப்பட்டறை. அங்கிருந்து திறந்துவிடும் தண்ணீர் ஓடையில் இறங்கி, ஊறி, அக்கா கிணற்றுக்கு வந்து சேரும். அவர்கள் துண்டுக்குச் சிவப்பு ஏற்றினால் கிணறு சிவப்பு, லுங்கிக்கு நீலம் ஏற்றினால் கிணறு நீலம்.

அக்கா லேசுப்பட்டவள் இல்லை. இறந்தவரின் பழைய வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்திருந்தாள். தண்ணீர் நிறம் மாறுகிற போதெல்லாம் ஒரு துண்டை எடுத்துக் கிணற்றில் ஊறப்போடுவாள். நிழலில் காயவைத்து, தேதி எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்தி, மஞ்சப்பையில் அடுக்குவாள். “வாயில சொன்னா எவன் நம்பறான்? துணி சொல்லட்டும்” என்பாள். பட்டறையை மூடவைக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியது. கிணறு போனால் தோட்டம் போச்சு, தோட்டம் போனால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. அவளுக்காக மனு எழுதியதும் நான்தான். ‘சாயம் கலந்த நீர் எங்கள் கிணற்றில் இறங்குகிறது’ என்று அழகாக, பிழையில்லாமல் எழுதிக்கொடுத்தேன். மனு போய் ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஆராய்ச்சிப் பித்துப் பிடித்தது. முனைவர் பட்டம் இல்லையென்றால் வேலை நிலைக்காது என்று கல்லூரியில் நெருக்கினார்கள். இலைச்சாற்றில் நானோ துகள் செய்து சாயத்தண்ணீரைத் தெளியவைப்பது ரொம்ப சுலபம், ஆளாளுக்குச் செய்கிறார்கள் என்றார் எங்கள் துறைத்தலைவர். ஆளாளுக்கு என்றால் நிஜமாகவே ஆளாளுக்கு! வேப்பிலையை ஒருவர் பிடித்துக்கொண்டார், முருங்கையை ஒருவர், கொய்யாவை ஒருவர். இலை மாறினால் போதும், புது ஆராய்ச்சி. எனக்கு மிஞ்சியது ஆவாரை.

செய்முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆவாரம் இலையைக் கசாயம் மாதிரி காய்ச்சி வடிகட்ட வேண்டும். தென்னைக்குப் போடுகிறார்களே அன்னபேதி, அந்த இரும்பு உப்பைக் கரைத்து அதில் கசாயத்தை ஊற்ற வேண்டும். சட்டென்று மை போலக் கறுத்துவிடும். அந்தக் கறுப்புதான் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இரும்புத் துகள். சாயத்தண்ணீரில் சிட்டிகை போட்டுக் கலக்கினால் நிறம் வெளுத்துக்கொண்டே வந்து கடைசியில் பச்சைத்தண்ணீர் மாதிரி நிற்கும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று நான் ஆய்வகத்தில் கை தட்டினேன். வெட்கமில்லாமல் தட்டினேன்.

மற்றவர்களைப் போல ஆய்வகத்தோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். எனக்கு அக்காவின் கிணறு ஞாபகம் வந்தது. நேராகப் பட்டறைக்காரரிடமே போனேன். அக்கா மனு மேல் மனு போட்டுக்கொண்டிருக்கிற அதே ஆள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, வாயைத் திறந்தால் தேன். “வாங்க மேடம், உக்காருங்க. நம்மளால நாலு பேரு கஷ்டப்படறது நமக்கு மட்டும் சந்தோஷமாங்க? நீங்க சொல்றபடி செய்யலாமுங்க” என்றார். சிமென்டுத் தொட்டி ஒன்று கட்டினார். இலை பறிக்க ஆள், காய்ச்ச அடுப்பு, கலக்க மோட்டார் எல்லாம் வந்தது. நிறம் முழுக்க நீங்குகிறது என்று கல்லூரி முத்திரையோடு ஓர் அறிக்கை கேட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அக்காவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. கிணறு தெளிந்த பிறகு போய் நின்று, நான்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை.

ஓடை தெளிந்தது. அந்த வருட மழைக்குப் பிறகு கிணறும் தெளிந்தது. போன் செய்து பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். 

“சந்தோஷமாக்கா?”

“அட கெரகமே” என்றாள். “நீயா செஞ்சே? இங்க வந்து பாரு. இப்பவே வா.”

போனேன். தென்னை ஓலைகள் நுனியில் கருகித் தொங்கின. மரவள்ளி இலை சுருண்டு கிடந்தது. எருமைத் தொட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது. “மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது” என்றாள். வேட்டித் துண்டு ஒன்றை என் மேல் எறிந்தாள். வெள்ளை. ஊறப்போட்டு எடுத்தது அது. காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்திருந்தது.

“முன்னெல்லாம் ராத்திரியில திருட்டுத்தனமா தொறந்துவிடுவான். இப்பப் பட்டப்பகல்ல உடறான். ரெண்டு மடங்கு உடறான். கேட்டா, சுத்தமான தண்ணி போகுது, போயி உன்ற வேலையப் பாருங்கறான்.”

ஒரு வாய் ஊற்றிப் பார்த்தேன். கரித்தது. பருத்திக்குச் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவார்கள். எனக்குத் தெரியாதா? முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கே அதைப் பாடமாக நடத்துகிறேன். ஆவாரையும் அன்னபேதியும் நிறத்தை எடுக்கும், உப்பைத் தொடக்கூடத் தொடாது. உப்பை அளக்கிற மீட்டர் என் மேசை டிராயரில்தான் கிடந்தது. ஆய்வுக் கட்டுரைக்கு நிறம் போதும், உப்பு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அதனால் நான் அளக்கவில்லை. இதைவிட ஒரு மடத்தனம் படித்தவளுக்கு வருமா?

கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய் அளந்தேன். வந்த எண்ணைத் துறைத்தலைவரிடம் காட்டி, அறிக்கையைத் திருத்திக் கொடுத்துவிடலாம் என்றேன். “கட்டுரை வர்ற நேரத்துல இதெல்லாம் எதுக்கு மேடம்? நீங்க சாயத்தை எடுக்கறேன்னுதானே சொன்னீங்க? எடுத்துட்டீங்க” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். ‘சரிங்க சார்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. பட்டம் போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன.

அடுத்த மாதமே, அக்கா அத்தனை வருடம் காத்திருந்த விசாரணைக்குத் தேதி வந்தது.

சேலத்தில் ஓர் அலுவலகத்து அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் பட்டறைக்காரர், அக்கா, நான். அக்கா மஞ்சப்பையைக் கொட்டினாள். சிவப்பு, நீலம், பச்சை, கத்தரிப்பூ. அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டிச் சீட்டுகளைப் படித்தார்.

“எல்லாம் பழசா இருக்கேம்மா. இப்ப வர்ற தண்ணியில நனைச்சது இருக்கா?”

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். வெள்ளைத் துண்டையும் எடுத்து வைத்தாள். “கலர் இல்லீங்க சாமி. ஆனா முன்னைக்கு இப்ப மோசமுங்க. உப்புங்க. மாடு வாய் வெக்க மாட்டேங்குது. தென்னையெல்லாம் கருகுதுங்க.”

பட்டறைக்காரர் ஒரு காகிதத்தை நீட்டினார். என் அறிக்கை. “ஏனுங்கம்மா, உங்க தங்கச்சிதானுங்க நமக்கு வழி காட்டுனதே” என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் அறையத் தோன்றுகிறது.

அதிகாரி என்னைப் பார்த்தார். “இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க சார். ஆனா அது நிறத்தைப் பத்தி மட்டும்தான். நிறம் போனா தண்ணி நல்லதுன்னு ஆகாது. உப்பு ஏகத்துக்கும் இருக்கு. நானே அளந்தேன்.”

“எழுத்துல இருக்கா?”

“இல்லைங்க.”

“ஏன் மேடம் எழுதலை?”

துறைத்தலைவர், பட்டம், கட்டுரை என்று அக்காவின் முன்னால் எப்படிச் சொல்வது?  அதிகாரி மனுவைப் புரட்டினார். “இதுல சாயம் கலந்த தண்ணின்னுதான் போட்டிருக்கு. சாயம் இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. இந்த மனுவை முடிச்சு வெக்கிறேன். உப்புக்குத் தனியா எழுதிக் குடுங்க, பாப்போம்” என்றார். மனுஷன் மோசமானவர் இல்லை. இருந்த காகிதத்தைத்தான் அவரும் படித்தார்.

துணிகளை அக்கா ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைக்கும் வரை பட்டறைக்காரர் கதவைத் திறந்துபிடித்து நின்றார். அவ்வளவு மரியாதை!

அக்காவும் நானும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். சங்ககிரி வண்டிக்காக நின்றபோது கேட்டாள்: “அந்தக் கலரை எடுத்தியே, திருப்பிப் போடத் தெரியுமா?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம்கூட இல்லை. கடையில் சாமான் இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டாள்.

“என்னக்கா பேசறே? அது தப்பில்லையா?”

“தப்பா? கலர் இருந்தவரைக்கும் அவன் திருடன்னு ஊருக்கே தெரிஞ்சுது புள்ளே. இன்னைக்கு நாந்தான் பொய் சொல்றவளாட்ட நின்னேன். உன்ற படிப்பு அதைத்தான் செஞ்சுது.”

“புது மனு எழுதலாம்க்கா. இந்தத் தடவை எண்ணோட எழுதி நானே கையெழுத்துப் போடறேன்.”

“நீ எழுதுனது போதும்.”

பஸ் வந்தது. முன்னால் ஏறி இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மடியில் இருந்த மஞ்சப்பையை எடுத்துக் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள். கண்டக்டர், “ஏம்மா, பையை எடுத்தா அவங்க உக்காருவாங்கல்ல” என்றார்.

“அவங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்க” என்றாள் அக்கா.

சங்ககிரி வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.