தம்பியின் நீலக் கார்

பட்டறையில் அவளுக்கு பாலிஷ் அக்கா என்று பெயர். முதலாளி முதல் சக்கரம் கழுவுகிறவர் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். ஆனால் அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரன் ஒரே ஒருவன், அவள் தம்பி. அவன் கடல் தாண்டிப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. போகும்போது தன் நீலக் காரை அவள் வீட்டுப் பக்கவாட்டு மரத்தடியில் நிறுத்தி, "ஆறு மாசத்துல வந்துடுவேன்கா, பாத்துக்கோ" என்று சாவியைக் கையில் வைத்தான்.

அம்மா கண்ணை மூடியபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடக்கூடத் தெரியாது. ஊட்டி வளர்த்தவள் இவள். அவன் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா?

ஆறு மாதம் போனது, அதன் தலையில் வருஷங்கள் ஏறின. கார் மேல் மரம் பிசினைக் கொட்டியது, பறவைகள் தங்களால் முடிந்ததைச் செய்தன, வெயில் கூரையைச் சுண்ணாம்பாக்கியது. ஊரார் காரையெல்லாம் கண்ணாடியாக்குகிறவள், வீட்டில் நிற்பதைத் தொடவில்லை. சோம்பல் இல்லை, கோபம். வந்து அவனே கழுவட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் வீட்டுக்காரர் மட்டும் மனசு கேட்காமல் வாரம் ஒருமுறை எஞ்சினை ஓடவிடுவார். அச்சகத்தில் வேலை பார்க்கிற மனிதர், வாயில் எப்போதும் ஒரு கேலி தயாராக இருக்கும். "உன் தம்பி வர்றதுக்குள்ள இந்தக் காரு வேர் விட்டுடும் பாரு" என்பார்.

ஒருநாள் போன் வந்தது.

"அக்கா, நான் மட்டும் வர்றேன். ரெண்டு வாரம் லீவு போட்டிருக்கேன். முழுசா உன் வீட்லதான்."

"உன் பெண்டாட்டியும் குழந்தையும் வரலியாடா?"

"இல்லக்கா, எனக்கு நம்ம ஊர்ல முடிக்க வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. நேர்ல சொல்றேன்."

போனை வைத்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. என்ன வேலையாக இருக்கும்? வீடு பார்க்கத்தான் வருகிறான், திரும்பி வந்துவிடப் போகிறான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர், "அவன் வாயால சொல்லட்டும், அதுக்குள்ள கோட்டை கட்டாத" என்றார். அவள் காதில் வாங்கவில்லை. தன் கார் புதுசு மாதிரி நிற்பதைப் பார்த்தால் இங்கே தனக்கென்று ஓர் இடம் காத்திருக்கிறது என்று அவனுக்குப் புரியாதா?

பட்டறை முடிந்து வந்து, வெளிச்சம் இருக்கும்வரை அந்தக் காரோடு மல்லுக்கட்டினாள். முதலில் கழுவினாள், நுரை கறுத்து ஓடியது. காய்ந்ததும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை நுழைத்துக் கூரையைத் தடவினாள். வெறும் விரலுக்குத் தட்டாத சொரசொரப்பு, பையோடு தடவினால் மணல் மாதிரி உறுத்தும். அதற்கென்று இருக்கிற களிமண் கட்டியால் நீவி நீவி அதை எடுத்தாள். ரப்பர் விளிம்புகளுக்கு டேப் ஒட்டிவிட்டு, முதலாளியிடம் இரவல் வாங்கிய பாலிஷ் மெஷினைப் பிடித்தாள்.

பழைய காலத்துப் பெயின்ட் அது. மெஷின் சுழலச் சுழல அதன் முனையில் இருந்த வெள்ளைப் பஞ்சு நீலமாகிக்கொண்டே வந்தது. செத்த பெயின்ட் போனால்தான் அடியில் இருக்கிற உயிருள்ள பெயின்ட் வெளியே வரும். ஆசையில் ஒரே இடத்தில் அழுத்தினால் தகரம் பல்லிளிக்கும். அதனால் ஓரங்களை மூச்சைப் பிடித்துக்கொண்டு கையாலேயே தேய்த்தாள். ஓட்டுநர் கதவில், கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழியில், அவனுடைய நகக் கீறல்கள் இருந்தன. எப்போது பார்த்தாலும் அவசரம் அவனுக்கு. அதையும் விரல்நுனியால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். மெழுகு பூசித் துடைத்த அன்று கார் மேல் மரமும் வானமும் தெரிந்தன. அவளுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது.

தம்பி வந்து இறங்கினான். முன்நெற்றி கொஞ்சம் ஏறியிருந்தது. காரைப் பார்த்தான். பிறகு அவளைக் கட்டிக்கொண்டான்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்க? நான் இது மக்கிப் போயிருக்கும்னு நினைச்சேன்."

"என் தம்பி காரு எப்படிடா மக்கும்?"

அவன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுத்தான். அங்கே இருக்கிற பெண்டாட்டிக்குக் காட்டத்தான் எடுக்கிறான் என்று நினைத்து, அவள் முந்தானையால் கதவில் இல்லாத தூசியைத் தட்டினாள்.

சாயங்காலமே அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஒருவர் மனைவியோடு வந்தார். கூரையைத் தடவினார், சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். மறுநாள் காலையில் பணத்தைக் கொடுத்து, கையெழுத்து போட்டு, காரை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். அவள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிக்க வேண்டிய வேலை என்று அவன் சொன்னது இதைத்தான்.

சாப்பிட உட்கார்ந்தபோது அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"இந்த ஓட்டைய தள்ளிவிடவே ரெண்டு வாரம் ஆகும்னு நினைச்சுதான் லீவு போட்டேன்கா. உன் கைய கண்ல ஒத்திக்கணும். ஒரே நாள்ல முடிஞ்சிருச்சு."

"அப்போ மிச்ச நாளு..."

"டிக்கெட்ட மாத்திட்டேன்கா, நாளைக்குக் காலைல. பையனுக்கு ஸ்கூல் திறக்குது, அவ ஒண்டியா திண்டாடுவா."

அவன் மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? பெண்டாட்டி பிள்ளை என்று இருக்கிறவன். அன்பாகத்தான் சொன்னான், மகிழ்ச்சியாகத்தான் சொன்னான்.

"நல்லதுடா" என்றாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ."

மறுநாள் காலை வாடகைக் காரில் ஏறும்போதும் அவசரம்தான். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. அவள் சரிசெய்யக் கையை நீட்டுவதற்குள் கதவு சாத்தியாயிற்று.

தெருவே வெறிச்சென்று இருந்தது. மரத்தடியில் சருகு விழாத செவ்வகமாக மண் தெரிந்தது. அவள் அங்கே போய் நின்றாள். வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்து நின்றார்.

"காரை அழுக்கோட விட்டிருந்தா அவன் ரெண்டு வாரம் இருந்திருப்பான்" என்றாள்.

அந்த மனிதர் வாயில் அன்று கேலி எதுவும் இல்லை. அவள் வீங்கிய கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.