எண்ணிக்கை சரியாக இருந்த நாள்

திண்டிவனத்துப் பெண்கள் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு நெருப்பு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டுமென்று போர்டு ஆபீசில் முடிவாயிற்று. 1943, சண்டைக் காலம். விழுப்புரத்திலிருந்து ஏஜெண்டு ஒருவர் வந்து ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். பெஞ்சுகளுக்கும் பீரோவுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் மதிப்புப் போட்டார்.

"பசங்களுக்கு?" என்று தலைமையாசிரியை ஞானமேரி கேட்டார்.

"அதெல்லாம் பாலிசியில வராதுங்க டீச்சர். கட்டடமும் சாமானும் மட்டுந்தான்" என்று சொல்லி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அவர் ரயிலுக்குப் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பெஞ்சு எரிந்தால் புதுப் பெஞ்சு வாங்கலாம். பெற்றவள் கையில் கம்பெனிக்காரன் எதைக் கொண்டுவந்து வைப்பான்?

ஆகவே பிள்ளைகள் பாஞ்சாலியின் பொறுப்பு. காலையில் வீடுவீடாகப் போய்ச் சிறுமிகளைக் கூட்டிவருவதும், மாலையில் கொண்டுபோய் விடுவதும் அவள் வேலை. அவள் ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் சுற்றுத் தெருக்காரர்கள் பெண்களைப் படிக்க அனுப்பினார்கள். முந்தின வருஷம் வேறொரு பள்ளிக்கூடத்துச் சிறுமி வண்டிச் சக்கரத்தில் காலைக் கொடுத்துவிட்டாள். அதோடு அங்கே பாதிப் பெண்கள் நின்றுபோனார்கள். "நம்மகிட்ட ஒருத்திக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, ஸ்கூலுக்குப் பூட்டுதான் பாஞ்சாலி" என்று ஞானமேரி அடிக்கடி சொல்வார்.

விழுப்புரத்தில் வயல் வேலை செய்துகொண்டிருந்தவள் பாஞ்சாலி. புருஷன் வாந்திபேதியில் போன பிறகு, தங்கை வீட்டோடு இருக்கத் திண்டிவனம் வந்தாள். நல்ல உயரம், அதைவிட உயரமான குரல். அவள் "ஏய்!" என்றால் ஜட்கா குதிரை நின்றுவிடும், வண்டிக்காரனுக்குத்தான் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவளுடைய வரிசையில் பன்னிரண்டு சிறுமிகள். முன்னால் போகிறவளின் பாவாடையைப் பின்னால் வருகிறவள் பிடித்துக்கொள்ள வேண்டும். ரோட்டைத் தாண்டியதும் பாஞ்சாலி ஒவ்வொரு தலையாகத் தட்டி எண்ணுவாள். எண்ணிக்கை சரியாக இருந்தால் நடை, இல்லாவிட்டால் அவ்வளவு பேரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

அன்றைக்கு அமாவாசை, பள்ளிக்கூடம் விட்டு வருகிற மாலை நேரம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் நிற்கிற இடத்தில் நெரிந்துகொண்டிருந்தது. கையில் கோழி, இடுப்பில் பிள்ளை, தலையில் மூட்டை. பெட்ரோல் கிடைக்காத காலமாதலால் பஸ்கள் பின்னால் மாட்டிய அடுப்பில் கரி எரித்துத்தான் ஓடின. பாஞ்சாலி முன்னால் நின்று கூட்டத்தை விலக்கிக்கொண்டே வரிசையை இழுத்துப் போனாள். அந்த நேரம் பார்த்துக் கிளீனர் கரி அடுப்பைக் கிண்டினான். புஸ்ஸென்று கிளம்பிய கரித்தூள் ஊரார் மூஞ்சியையெல்லாம் கறுப்பாக்கிவிட்டது.

பாஞ்சாலி அவனைத் திட்ட ஆரம்பித்தாள். திட்ட ஆரம்பித்தால் அவளுக்குக் கண் தெரியாது. கூட்டத்தைத் தாண்டி வந்து, திட்டிக்கொண்டே தலைகளைத் தட்டி எண்ணினாள். பன்னிரண்டு. சரி. திட்டிக்கொண்டே ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருத்தியாக விட்டாள்.

கடைசி வீடு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த கோதண்டபாணியுடையது. அவர் மனைவி காந்திமதி கதவைத் திறந்து, முன்னால் நின்ற சிறுமியின் முகத்துக் கரியை முந்தானையால் துடைத்தாள். துடைத்த கை அப்படியே நின்றது.

"இது யாரு? எம் பொண்ணு பூமாலை எங்க?"

பாஞ்சாலி அவளைத் தன் பக்கம் திருப்பினாள். குனிந்து பார்த்தாள். ஏறக்குறைய அதே வயது, அதே மாதிரிச் சிவப்புப் பாவாடை. ஆனால் வேறு பெண்.

"பேரு என்னடி?"

"கெங்கம்மா."

"யார்கூட வந்தே?"

"எங்கம்மாகூட. மயிலம் ஊராண்ட இருந்து. மலையனூரு போறோம்."

பாஞ்சாலி அந்தப் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். பின்னாலிருந்து காந்திமதியின் அலறல் கேட்டது. பஸ் நின்ற இடத்தில் பஸ் இல்லை. "இப்பத்தான் செஞ்சி ரோட்டுல போச்சு" என்றான் வெற்றிலைக் கடைக்காரன். வழியெல்லாம் அங்காளம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். பூமாலை பஸ்ஸில் இருக்கிறாளோ, கூட்டத்தில் மிதிபட்டாளோ, அதுவும் தெரியவில்லை.

கரி பஸ் என்றைக்கு முதல் தடவையிலேயே மேடு ஏறியிருக்கிறது? ஊர் எல்லையில் புளியமரத்தடியில் நின்றிருந்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கிளீனர் வியர்க்க வியர்க்கக் அடுப்பை ஊதுகிற காற்று மிஷினைச் சுற்றிக்கொண்டிருந்தான். மரத்தடியில் ஒருத்தி, கோவிந்தம்மாள் என்று பெயர், தூக்குச் சட்டியைத் திறந்து பிள்ளைகளுக்குப் புளிச்சோறு உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உனக்கு எத்தினி பசங்க?" பாஞ்சாலிக்கு மூச்சு வாங்கியது.

"அஞ்சு. ஏன்?"

"எண்ணிப் பாரு!"

கோவிந்தம்மாள் எண்ணினாள். "அஞ்சும் இருக்குதே."

"மூஞ்சப் பாரும்மா, மூஞ்சப் பாரு!"

பார்த்தாள். கரி பூசிய ஐந்து முகங்களில் ஒன்று பூமாலையுடையது. அழவில்லை. இரண்டாவது உருண்டைக்குக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் ஜன்னல் வழியாகப் பிள்ளைகளைத் தூக்கிப் போட்டவள் கோவிந்தம்மாள். கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறாள். கீழே நின்றுபோன கெங்கம்மாள், முன்னால் போன பாவாடையைப் பிடித்துக்கொண்டு வரிசையோடு வந்துவிட்டாள்.

"ஐயோ எங்கண்ணே!" என்று அவள் கெங்கம்மாளைப் பிடுங்கி அணைத்துக்கொண்டாள். பாஞ்சாலி நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். பூமாலையை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். கொஞ்ச நேரத்தில் அவளும் கோவிந்தம்மாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். உயிர் திரும்பி வந்த சிரிப்பு.

"வண்டி மக்கர் பண்ணலைன்னா பேஜாராயிருக்கும்" என்றான் கிளீனர்.

"நீ நல்லாயிருக்கணும்டா மவராசா" என்றாள் பாஞ்சாலி. காது வலிக்கத் திட்டு வாங்கியவன் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

வாசலிலேயே காந்திமதி நின்றிருந்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாஞ்சாலி நேராக ஞானமேரியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். ஞானமேரி சிலுவை போட்டுக்கொண்டார். "புள்ள கிடைச்சிடுச்சு, அது போதும். மண்டிக்காரரு பொண்ணை நிறுத்திட்டாருன்னா மத்தவங்களும் நிறுத்திடுவாங்க. காலையில போய்ப் பாரு" என்றார்.

காலையில் மற்ற வீடுகளையெல்லாம் முடித்துவிட்டு அந்த வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். இந்தத் தடவை தலையைத் தட்டி எண்ணவில்லை. ஒவ்வொருத்தியையும் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி வரிசையில் சேர்த்தாள். இருந்தும் கோதண்டபாணி வாசலுக்கு வந்ததும் வரிசையை நிறுத்திவிட்டுத் தானும் நின்றாள். கூப்பிடவும் இல்லை.

கதவு தானே திறந்தது. பூமாலை சிலேட்டோடு நின்றாள். பின்னால் காந்திமதி, அழுது வீங்கிய கண்களோடு.

"அம்மா, தப்பு எம்மேலதாம்மா..."

"தெரியும்" என்றாள் காந்திமதி. "பொண்ணு வேணும்னா இனிமே வீட்டோட வச்சிக்கோன்னு அவரு சொன்னாரு. நான் ராவெல்லாம் யோசிச்சிக்கினு இருந்தேன். நான் அழுதுக்கினு வாசல்லயே நின்னுட்டேன். நீதானே ஓடின." மகளின் கையை எடுத்துப் பாஞ்சாலி கையில் வைத்தாள். "இட்டுக்கினு போ. மணியாவுது."