ஆறு மணிக்குத் திறந்த கதவு

மூன்று வாரங்களுக்கு முன் இதே பத்தியில் நான் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கிறதா? மறந்துவிட்டீர்கள் என்றால் ரொம்ப சந்தோஷம்... என் வீட்டில் ஒருவருக்கு அது வரிக்கு வரி மனப்பாடம்.

எங்கள் வாசகசாலையில் பெண்களையும் அங்கத்தினராகச் சேர்த்தோம். அதே கதவு, அதே சந்தா, அதே நேரம் — மாலை ஆறு முதல் ஏழரை. முதலில் வருபவருக்கு நாற்காலி. ஒரு பெண்கூட வரவில்லை. 'உரிமை கொடுத்தாயிற்று, வராதது அவர்கள் இஷ்டம்' என்று பெருமையாக எழுதினேன்.

என் மனைவி பொன்னம்மா முன்பே கேட்டிருந்தாள். "ஏங்க, ஆறு மணிக்கு அடுப்ப விட்டுட்டு எப்படி வர்றது? மத்தியானம் தொறந்து வச்சா வருவோம் லா. ஊர்லேருந்து கப்பல்ல வர்ற பத்திரிகைய ஒரு தடவையாச்சும் கிழியறதுக்கு முன்னால படிக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

"தனி நேரமா? அது சலுகை. சமத்துவம்னா எல்லாருக்கும் ஒரே விதி" என்றேன். அதையும் இங்கே எழுதினேன். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டாமா?

போன செவ்வாய்க்கிழமை கப்பல் தபால் வந்தது. ஆபீஸ் முடிந்து, ஆயர் ஈத்தாம் போகும் டிராமைப் பிடித்து வாசகசாலைக்குப் போனால் — வாசலில் ஆண்கள் கூட்டம். உள்ளே எட்டு நாற்காலி. எட்டிலும் பெண்கள்! நடுவில் பொன்னம்மா, மடிப்புக் கலையாத பத்திரிகையோடு.

காரியதரிசி நடேசன் என் காதருகே வந்தார். "அண்ணே, அக்காகிட்ட கொஞ்சம் சொல்லுங்கண்ணே. என் சம்சாரமும் உள்ளதான் இருக்கு. சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

நான் போய், "சமையல்?" என்று மெல்லக் கேட்டேன்.

"முதல்ல வர்றவங்களுக்கு நாற்காலி. நீங்கதானே எழுதினீங்க?" அவள் தலையைத் தூக்கவே இல்லை.

அன்று எங்களுக்கு ரொட்டியும் வாழைப்பழமும்தான். ரொட்டிக்காரருக்கு அமோக வியாபாரம்.

மறுநாளே அவசரக் கமிட்டி கூடியது. கூரை ஒழுகியபோதுகூடக் கூடாத கமிட்டி! பெண்களுக்கு மத்தியானம் தனி நேரம் ஒதுக்க வேண்டும் என்று முன்மொழிந்தது யார்? நானேதான். கொள்கையெல்லாம் வயிறு நிறைந்திருக்கும்போது பேச நன்றாகத்தான் இருக்கிறது.

தீர்மானத்தைப் பொன்னம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தாள்.

"நல்லது. அந்த நேரம் மத்தவங்களுக்கு உதவும். ஆனா செவ்வாய்க்கிழமை நான் ஆறு மணிக்குத்தான் போவேன். மறுநாள் மத்தியானம் போனா கிழிஞ்சதுதான் மிஞ்சும். எனக்குச் சலுகை வேணாங்க, உங்க சமத்துவமே போதும்."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கமும் வந்தது. கதவைத் திறந்துவிட்டேன் என்று ஊருக்கெல்லாம் எழுதினேனே, அந்த நேரத்தில் அடுப்பை யார் பார்ப்பது என்று ஒருநாளாவது கேட்டேனா?

இன்று செவ்வாய்க்கிழமை. இந்த வாரப் பத்தி கொஞ்சம் சின்னதுதான்... உலை கொதிக்கிறது, அரிசி எவ்வளவு போடுவது என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.